வேறு ஊர் எனக்கில்லை

தங்கை மேவிஸின் கார் ஆற்றுப்பாலத்தைத் தாண்டியதிலிருந்து எனிட் பர்ஸ்லோ ஒரே பெயரை வாய்க்குள் மென்றுகொண்டு வந்தாள். கைப்பை மடியில் இருந்தது. புருஷன் சாவுக்கு வாங்கிய கறுப்புக் கோட்டையே இன்றைக்கும் போட்டிருந்தாள். ஆகஸ்ட் மாதத்துக்கு அது அதிகம்தான்.

"முணுமுணுத்தா யாருக்குக் கேக்கும்? சத்தமா சொல்லுக்கா."

"ஹவ்டன்."

"இப்ப யோசிக்காம, படக்குன்னு."

"ஹோட்டன்."

"போச்சு போ!" என்று மேவிஸ் ஸ்டீயரிங்கைத் தட்டினாள். "அங்க போயி இப்படிச் சொன்னா, பொட்டியக் கட்டிக்கிட்டு அப்படியே திரும்ப வேண்டியதுதான்."

இங்கிலாந்தில் அந்தப் பெயரில் பல ஊர்கள் உண்டு. மேட்டு நிலத்துப் பண்ணை என்று அர்த்தம். நம் கணக்கில் மேட்டுப்பட்டி என்று வைத்துக்கொள்ளலாம். மேடும் பண்ணையும் எங்கேதான் இல்லை? இங்கிலீஷில் எழுதும்போது எல்லாம் ஒன்றுதான். சொல்லும்போதுதான் ஒவ்வொரு ஊரும் தன் வாய்க்கு வந்தபடி சொல்லும், அடுத்த ஊர்க்காரனுக்குப் பேசவே தெரியாது என்றும் சொல்லும். எனிட் பிறந்தது ஹவ்டன். நாற்பது மைல் வடக்கே அவள் வாழ்க்கைப்பட்டது ஹோட்டன். கல்யாணமாகி முதல் ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டு மேசையில், "உங்க ஹவ்டன் எங்க ஹவ்டனைவிடப் பெரிசு" என்று சொல்லித் தொலைத்தாள். மாமியார் உருளைக்கிழங்குப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அது எங்கம்மா இருக்கு?" என்று கேட்க, மேசையே சிரித்தது. புருஷன் ஜெரால்டும்தான் சிரித்தான். ஒரே வாரத்தில் எனிட் நாக்கை மாற்றிக்கொண்டாள். அதற்குப் பிறகு நாற்பத்தாறு வருஷம் அது மாறவில்லை.

ஜெரால்ட் அங்கே ஒரு எஸ்டேட்டில் மாடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலையோடு ஒட்டியது வீடு. மே மாதம் அவன் செத்துப்போனான். எஸ்டேட்டிலிருந்து மரியாதையான கடிதம் ஒன்று வந்தது: செப்டம்பர் முடிய இருக்கலாம். அதற்குமேல் எங்கே போவது என்று கடிதத்தில் இல்லை. பிள்ளை குட்டி கிடையாது. மேவிஸ் வீட்டிலோ மகன், மருமகள், இரட்டைக் குழந்தைகள் என்று கால் வைக்க இடமில்லை. பிறந்த ஊரில் தேவாலயத்தை ஒட்டி, வயசானவர்கள் வாடகையில்லாமல் இருக்க ஆறு தர்ம வீடுகள் வரிசையாக இருந்தன. அதில் ஒன்று காலியாகியிருந்தது. எனிட்டுக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

முன்னூறு வருஷத்துக்கு முன் ஒரு பணக்கார விதவை எழுதி வைத்த தர்மம் அது. கேட்டு வருகிறவர் அந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும். டிரஸ்டிகள் முன்னால் எழுந்து நின்று, "நான் ஹவ்டன் பிள்ளை. வேறு ஊர் எனக்கில்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்லாதவருக்கு வீடில்லை. அதைச் சொல்ல முடியாமல் திரும்பியவர் என்று இதுவரை யாருமில்லை. பள்ளிக்கூடப் பிரார்த்தனை மாதிரி ஒப்பித்துவிட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள்.

ஊர்ச் சபைக் கூடத்தில் டிரஸ்டிகள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் ஸ்டான்டிஷ், லண்டனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றபின் இங்கே பழைய மாவு ஆலையை வாங்கிக் குடிவந்தவர்.

"ஹோட்டன் அறக்கட்டளை சார்பா உங்களை வரவேற்கிறோம், மிஸஸ் பர்ஸ்லோ."

"ஹவ்டன்," என்றார் கடைசி நாற்காலியில் இருந்த ஆம்ப்ரோஸ் டக், பிஸ்கெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். எனிட்டோடு ஒரே வகுப்பில் படித்தவர். இன்னும் அதே ஊரில் ஆடு வளர்க்கிறார்.

"அதேதான், அதேதான்," என்று தலைவர் சிரித்தார். அவர் குடிவந்த எட்டு வருஷமாக இது நடக்கிறது போலிருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ் சரியாக இருந்தது. தேநீர் கொடுத்தார்கள். பிறகு எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"நான் ஹவ்டன் பிள்ளை," என்றாள் எனிட். கணீரென்று வந்தது. ஆம்ப்ரோஸ் தலையாட்டினார்.

அடுத்தது வரவில்லை. ஊர்ப்பெயருக்குத்தான் வழியெல்லாம் பயந்துகொண்டு வந்தாள். மிச்சத்தை அவள் யோசிக்கவே இல்லை.

"தண்ணி வேணுமா?" என்றார் தலைவர்.

"வேணாங்க. ரெண்டாவது வரி பொய்யி."

"அது சும்மா சம்பிரதாயம்தானே!"

"ஏ எனிட், சொல்லித் தொலையேன்," என்றார் ஆம்ப்ரோஸ். "எங்க அத்தை சொல்லலையா? அவளுக்கு மூணு புருஷன், மூணு ஊரு."

தலைவர் நல்ல மனுஷர். முன்னால் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "காகிதத்துல ரெண்டு ஊரும் ஒண்ணுதான். ரெண்டையும் சேர்த்து மனசுல நெனச்சுக்கிட்டுச் சொல்லிடுங்க. யாரு வந்து கேக்கப்போறா?"

எனிட் நினைத்துப் பார்த்தாள். நினைக்காமல் என்ன? ஜன்னலுக்கு வெளியே அந்த ஆறு வீடுகளும் தெரிந்தன. காலி வீட்டுக் கதவுக்குப் புதுசாகப் பச்சை அடித்திருந்தார்கள். அந்த வீடு அவளுக்கு வேண்டும். ரொம்பவும் வேண்டும்.

"பேரு ஒண்ணுதாங்க. ஊரு ரெண்டு," என்றாள். "ஒண்ணுல பொறந்தேன். இன்னொண்ணுல எம் புருஷனப் பொதைச்சிருக்கேன். மண்ணு இன்னும் எறங்கல, கல்லு நட ஆறு மாசம் ஆகும்னுட்டாங்க. கல்லுகூட நடல, அதுக்குள்ள அது எனக்கு ஊரே இல்லன்னு எந்த வாயால சொல்றது?"

குறிப்பெழுதிய பெண் பேனாவை நிறுத்தி, "இதை எப்படிப் போடட்டும்?" என்றாள்.

"கொஞ்சம் வெளியே இருங்க," என்றார் தலைவர்.

வெளிப் பெஞ்சில் மேவிஸ் காத்திருந்தாள். கேட்டதும் தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி! ரெண்டு வார்த்தை. ரெண்டே வார்த்தை! அத்தானே உசுரோட இருந்திருந்தா, சொல்லிட்டு வாடின்னு சொல்லியிருப்பாரு."

"சொல்லியிருப்பாரு."

"அப்புறம் என்னக்கா? செப்டம்பர் முடிஞ்சா எங்க போவ?"

"தெரியல மேவிஸ்," என்றாள் எனிட். கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

குளவி வராமலிருக்க ஜன்னலை மூடிவைத்திருந்தார்கள், பேச்சு வெளியே கேட்கவில்லை. உள்ளே ஆம்ப்ரோஸ் எழுந்து நின்று, முகம் சிவக்க, விரலை ஆட்டி என்னவோ பேசிக்கொண்டிருந்தார். யாரைத் திட்டுகிறார் என்று தெரியவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு மற்ற நாலு பேரையும் பார்த்து ஏதோ கேட்டார்.

முதலில் ஆம்ப்ரோஸின் கை மேலே போனது. பிறகு ஒரு பெண் டிரஸ்டியுடையது. கொஞ்சம் பொறுத்து மூன்றாவதாக ஒன்று, முழங்கையை மேசையில் ஊன்றியபடி, பாதி தூரம்.

"மூணு," என்று மேவிஸ் எழுந்துவிட்டாள். "அஞ்சுல மூணு பேரு, அக்கா! எதுக்குத் தூக்குறாங்க? வேணும்னா, வேணாம்னா?"

எனிட் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவை இன்னும் கீழே இறங்கவில்லை.