இடது கையால் எழுதிய பரீட்சை

பொன்னுத்தாயி சாந்துச் சட்டியோடு மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தாள். பாதிப் படியில் வலது முட்டி பிடித்துக்கொண்டது. சுவரில் தோளைச் சாய்த்து நின்றாள். தலையில் சும்மாடு, அதன்மேல் சட்டி, சட்டியில் ஈரக் கலவை. கலவை யாருக்காகவும் காத்திருக்காது. இறுகிப்போகும்.

"என்ன பொன்னுத்தாயக்கா, வழியில யாராச்சும் விருந்துக்குக் கூப்பிட்டாகளா?" என்று மேலேயிருந்து மேஸ்திரி மருது கத்தினான்.

"உன் கல்யாணத்துக்குத்தான்டா கூப்பிட்டாக. பொண்ணு பாதியில ஓடிப்போச்சாம், அதான் நின்னுட்டேன்."

சாரத்தில் நின்ற கொத்தனார்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே மிச்சப் படிகளை ஏறினாள். காரைக்குடியில் அவள் கலவை சுமக்காத தெரு குறைவு. வயது நாற்பத்தாறு. இனிமேல் மாடிப்படி ஏறக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஏறாமல் சித்தாள் வேலை எப்படிச் செய்வது என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவளுக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. பிள்ளையார்பட்டி ரோட்டில் சிகப்பி ஆச்சி ஒரு பெண்பிள்ளைகள் விடுதி நடத்துகிறார். அங்கே சுவர் பூசப் போனபோது, ஸ்டோர் ரூம் பார்க்கும் அம்மாள் மார்கழி மாதத்தோடு நின்றுவிடுவார் என்று காதில் விழுந்தது. வருகிற மளிகையைச் சீட்டு பார்த்து வாங்கி வைக்க வேண்டும், டப்பாக்களில் பெயர் எழுதி ஒட்ட வேண்டும், சமையலுக்கு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. எல்லாம் தரைத்தளத்தில். உட்கார நாற்காலிகூட இருந்தது.

"எனக்குத் தருவீகளா ஆச்சி?" என்று கேட்டாள்.

ஆச்சி அவளை மேலும் கீழும் பார்த்தார். "நீ நல்ல உழைப்பாளி, பார்த்திருக்கேன். ஆனா வாசிக்கத் தெரியணுமே. தை பிறக்க இன்னும் அஞ்சு மாசம் இருக்கு. அதுக்குள்ள கத்துக்கிட்டு வா. வேலை உனக்குத்தான்."

அந்த வாரமே அவள் தெருவுக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தார்கள். ஊரில் பெயர்பெற்ற ஒரு தனியார் பள்ளியின் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள். எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு, ஆளுக்கு ஒரு பிள்ளை, ஞாயிற்றுக்கிழமைதோறும் சொல்லிக்கொடுக்கும் என்று சரவணகுமார் வாத்தியார் மைக்கில் சொன்னார். பொன்னுத்தாயிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தேடியது தெருவுக்கே வந்துவிட்டதே!

அவளுக்குக் கிடைத்த பிள்ளையின் பெயர் கீர்த்தி. கெட்டிக்காரி. சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். "பல்லுக்கு ப, படிக்கு ப. எழுதுங்க அக்கா." சிமெண்டு தின்ற விரல்களுக்கு எழுதுகோல் பிடிபடவில்லை. கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தாள். கீர்த்தி சிரிக்கவில்லை. அந்த விரல்களைத் தன் கையால் மடக்கிச் சரியாக வைத்தாள். மறுநாள் பொன்னுத்தாயி வேலைக்கு வந்ததும், செங்கல் ஒவ்வொன்றிலும் கரித்துண்டால் 'ப' எழுதி வைத்தாள். மருது தலையில் கைவைத்துக்கொண்டான். "அக்கா, கல்லுக்குக் காதுகுத்தா? பேரு வைக்கிறீக?"

மூன்று ஞாயிறு நடந்தது. மூன்றாவது ஞாயிறு பாதி நேரம் போட்டோவுக்கே போய்விட்டது. பேனரைப் பிடித்து ஒன்று, சிலேட்டைப் பிடித்து ஒன்று, பொன்னுத்தாயி கையைக் கீர்த்தி பிடித்திருப்பதுபோல் ஒன்று.

நான்காவது ஞாயிறு யாரும் வரவில்லை.

பரீட்சையாக இருக்கும் என்று பொன்னுத்தாயி நினைத்துக்கொண்டாள். ஐந்தாவது ஞாயிறு தலைக்குக் குளித்து, சிலேட்டோடு பத்து மணிக்கே போய் உட்கார்ந்தாள். வெயில் உச்சிக்கு வந்தபிறகு எழுந்து வந்தாள். ஆறாவது ஞாயிறும், ஏழாவது ஞாயிறும் அப்படியே. ஞாயிற்றுக்கிழமை கான்கிரீட் போடுகிற வேலைக்கு மருது கூப்பிட்டான். படிப்பு இருக்கிறது என்று சொல்லிப் போகவில்லை. பூட்டிக் கிடந்த சமுதாயக் கூடத்தின் வாசல்படியில், தெரிந்த நாலு எழுத்தையே திரும்பத் திரும்ப எழுதி அழித்துக்கொண்டிருந்தாள்.

பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

குளிர்ந்த வகுப்பறையில், மார்கழி மாதத்து ஒரு வெள்ளிக்கிழமை, சரவணகுமார் வாத்தியார் கட்டுக்கட்டாகத் தேர்வுத்தாளைப் பிரித்துக் கொடுத்தார். "நாளைக்கு ரிப்போர்ட் போகணும். உங்க நாற்பது மணி நேர சேவை சர்டிபிகேட்டும் இதை வச்சுத்தான். ஆளாளுக்கு உங்க கற்போர் பேரைப் போட்டு எழுதிடுங்க."

"நாங்களே எழுதுறதா சார்?" என்று கேட்டாள் கீர்த்தி.

"இனிமே போய் அவங்களை எங்க பிடிக்கிறது? ஒண்ணு செய்யுங்க. எல்லாரும் இடது கையால எழுதுங்க. அப்பத்தான் புதுசா எழுதப் பழகினவங்க கையெழுத்து மாதிரி இருக்கும்."

வகுப்பு முழுவதும் சிரிப்பு. யார் எழுத்து அதிகமாகக் கோணுகிறது என்று போட்டி வேறு. கீர்த்திக்கு முதலில் உறுத்தியது. பக்கத்துப் பெண் எழுதி முடித்துவிட்டதைப் பார்த்ததும் அவளும் பேனாவை இடது கைக்கு மாற்றினாள். நம்பும்படியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே நான்கு பிழை விட்டாள். "சூப்பர்மா, அசல் மாதிரியே இருக்கு" என்றார் வாத்தியார். பொன்னுத்தாயிக்கு எண்பத்திரண்டு மதிப்பெண்.

அடுத்த வாரம் விழா. வாத்தியாருக்கும் பிள்ளைகளுக்கும் பொன்னாடை, மாலை, கைதட்டல். நூறு சதவீதம் எழுத்தறிவு பெற்ற தெரு என்று மேடையில் அறிவித்தார்கள். பொன்னுத்தாயியைக் கூப்பிட்டு, தங்க நிற ஓரம் போட்ட சான்றிதழைக் கையில் கொடுத்தார்கள். இறங்கும்போது கீர்த்தியைப் பார்த்துக் கேட்டாள். "பாப்பா, இன்னும் பாடமே முடியலையே?"

கீர்த்தி வேறெங்கோ பார்த்தாள். "அதெல்லாம் பாஸ் ஆயிட்டீங்க அக்கா."

மறுநாள் வேலையிடத்தில் அந்தச் சான்றிதழை மருதுவிடம் நீட்டினாள். "இதுல என்னப்பா எழுதியிருக்கு?"

அவன் எட்டாவது படித்தவன். வாசித்துவிட்டு அவளையே பார்த்தான். "எழுதப் படிக்கத் தெரியும்னு போட்டிருக்கு."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்."

சாரமே ஆடும்படி எல்லோரும் சிரித்தார்கள். பொன்னுத்தாயியும் சிரித்தாள். ஆனாலும் அவள் மனதுக்குள் ஒரு நம்பிக்கை விழுந்துவிட்டது. எழுத்துத் தெரியாதவர்களுக்குத்தான் காகிதத்தின்மேல் நம்பிக்கை அதிகம். எந்த ஆபீசிலும் வாய் சொல்வதை யார் கேட்டார்கள்? காகிதத்தைத்தானே கேட்கிறார்கள். படித்த வாத்தியார், படித்த பிள்ளைகள், முத்திரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பொய்யாகவா கொடுப்பார்கள்? மீதியை வேலையில் சேர்ந்து பழகிக்கொள்ளலாம் என்று அவள் நினைத்தது குற்றமா?

பொங்கல் லீவு முடிந்த மூன்றாம் நாள், துவைத்த சேலை கட்டிக்கொண்டு விடுதிக்குப் போனாள். சிகப்பி ஆச்சி சான்றிதழைப் பார்த்து மலர்ந்துபோனார். "அடடே, எண்பத்திரண்டா! சரி, இந்தா இன்னைக்கு வந்த மளிகைச் சீட்டு. முதல் வரியை வாசி."

பொன்னுத்தாயி சீட்டை வாங்கினாள். முதல் எழுத்தே அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத எழுத்து. நடுவில் ஒரு 'ப' இருந்தது. அதைக் கண்டதும், தெரியாத ஊரில் சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் இருந்தது. ஆனால் அந்த ஒரு சொந்தக்காரரால் அவளைக் காப்பாற்ற முடியவில்லை.

"ப..." என்றாள்.

ஆச்சியின் முகம் மாறியது. "துவரம்பருப்புன்னு எழுதியிருக்கு. இதுகூட வாசிக்க வரலையா? அப்ப இந்தக் காகிதம் எப்படி வந்துச்சு?"

"பள்ளிக்கூடத்துல குடுத்தாக ஆச்சி."

"பரீட்சை எழுதினியா?"

"இல்லை ஆச்சி."

"எழுதாத பரீட்சைக்கு மார்க்கு வாங்கிட்டு என்கிட்ட வந்து நீட்டுறே. தெரியலைன்னு வந்து நின்னிருந்தா, இன்னும் ரெண்டு மாசம் பொறுத்துக்கறேன், படின்னு சொல்லியிருப்பேன். பொய்க் காகிதம் கொண்டாந்தவகிட்ட ஸ்டோர் சாவியை எப்படிக் குடுக்க? போயிட்டு வா."

இருபத்தெட்டு வருடம் வேலை செய்த இடங்களில் ஒரு ஆணியைக்கூட எடுத்து அறியாதவள் அவள். பொய்க்காரி என்ற பேரோடு பஸ் ஏறினாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகிற சேலையோடும் கையில் சுருட்டிய சான்றிதழோடும் பள்ளிக்கூடத்து வாசலில் நின்றாள். காவலாளி விடவில்லை. "இன்னைக்குப் பேரண்ட்ஸ் மீட்டிங் இல்லைம்மா."

"நான் பேரண்ட்ஸ் இல்லைப்பா. இந்தப் பள்ளிக்கூடத்துல பாஸான ஆளு. உள்ள விடு."

அவள் குரலைக் கேட்டு சரவணகுமார் வாத்தியாரே வெளியே வந்தார். அவள் நடந்ததைச் சொன்னாள். அவர் சுற்றுமுற்றும் பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "அது சும்மா ஒரு ஊக்கத்துக்குக் குடுத்ததும்மா. அதைக் கொண்டுபோய் யாராவது வேலை கேப்பாங்களா?"

"படிச்சிருக்கேன்னு எழுதிக் குடுத்தா, படிப்புக்குள்ள வேலையைத்தான் சார் கேப்பாக. எனக்குப் பதிலா பரீட்சை எழுதினது யாரு?"

"பிள்ளைங்க எதிர்காலம்மா. நாற்பது மணி நேரம் சேவை காட்டணும், காலேஜ்ல கேக்குறாங்க..."

"நாப்பது மணி நேரமா? பூட்டிக் கிடந்த மண்டபத்து வாசல்ல நான் உக்காந்திருந்தேனே, அந்த மணி நேரத்தை எந்தக் காலேஜுல சார் காட்டுவீக?"

வகுப்பு ஜன்னல்களில் முகங்கள் கூடிவிட்டன. அந்தக் கூட்டத்திலிருந்து கீர்த்தி இறங்கி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "நான்தான் எழுதினேன் அக்கா. நீங்க எழுதின மாதிரி இருக்கணும்னு... இடது கையால."

பொன்னுத்தாயி ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"எந்தக் கை? காட்டு."

கீர்த்தி இடது கையை நீட்டினாள்.

"எங்க ஊருல ஒரு வாய் தண்ணி குடுத்தாக்கூட சோத்துக்கையால குடுப்போம் தாயி. வந்தவன் யாரா இருந்தாலும் சரி. உனக்குப் பீச்சாங்கைப் பழக்கம்னா அது வேற. நீ சோத்துக்கை இருக்கும்போதே எனக்குன்னு வரவும் பீச்சாங்கையை எடுத்திருக்கே. நான் எழுதினா கோணலாத்தான் இருக்கும், தப்பாத்தான் இருக்கும்னு நீயே முடிவு பண்ணிட்டே. எனக்கு எழுத ஒரு தடவை குடுத்துப் பார்த்தியா?"

வாத்தியார் இடையில் புகுந்தார். "சரிம்மா, சின்னப் பிள்ளை..."

"சின்னப் பிள்ளைக்குக் களவு சொல்லிக்குடுத்தது நீங்க சார்! பெரியாஸ்பத்திரியில வந்து பாருங்க. எந்த மாத்திரை காலையில, எது சாயங்காலம்னு தெரியாம அட்டையைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறோம். ஒரு பாரம் எழுதித் தரச்சொல்லிப் போற வாரவுககிட்டக் கெஞ்சுறோம். பஸ்ஸு எங்குட்டுப் போகுதுன்னு கேட்டு ஏறி எறங்குறோம். இந்தப் பிள்ளைக அங்க வந்து அரை மணி நேரம் நின்னா, எங்க பாடு பாதி கொறையும். அதுக்குப் பேனர் வேணாம், பொன்னாடை வேணாம். அதெல்லாம் விட்டுட்டு, எங்களை வச்சு நீங்க மாலை வாங்கிக்கிட்டீக. எனக்கு இருந்ததே ஒரு வாசல். அதை உங்க காகிதத்தாலயே அடைச்சுட்டீக."

சான்றிதழை விரித்துக் கீர்த்தியின் கையில் வைத்தாள். "இது உன்னோட மார்க்கு. நீயே வச்சுக்க." திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அன்றைக்கு வேலைக்குப் பிந்திப் போனதால் மருது அரைநாள் வேலைதான் கொடுத்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீர்த்தி சைக்கிளில் தனியாக அவள் வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே ஒப்பித்தாள். "ஆச்சியைப் போய்ப் பார்த்தேன் அக்கா. நான்தான் எழுதினேன்னு சொல்லிட்டேன். உங்க மேல தப்பில்லைன்னு ஒத்துக்கிட்டாங்க. ஆனா... நெற்குப்பையில இருந்து வேற ஒருத்தரைச் சேர்த்துட்டாங்களாம். என் சேவை சர்டிபிகேட்டையும் திருப்பிக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க அக்கா."

பொன்னுத்தாயி முட்டிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு நான் மூணாவது மாடி ஏறணும். உன் மன்னிப்பு என் சட்டியைத் தூக்காது."

கீர்த்தி தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் போகவில்லை. பையிலிருந்து ஒரு நோட்டையும் பென்சிலையும் எடுத்தாள். இடது கையில் இருந்த பென்சிலை நீட்டப்போனவள், நின்று, வலது கைக்கு மாற்றி நீட்டினாள்.

பொன்னுத்தாயி எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டு அதை வாங்கினாள்.

"உக்காரு. துவரம்பருப்புன்னு எழுதிக் காட்டு. அந்த முதல் எழுத்துலதான் என்னைய வெளிய அனுப்பினாக. ஒண்ணு மட்டும் கேட்டுக்க தாயி. உன் மணி நேரம் முடியுற வரைக்கும் வாரதா இருந்தா இப்பவே சைக்கிளை எடு. நான் வாசிக்கிற வரைக்கும் வருவேன்னா உக்காரு. அதுக்குப் பேருதான் தொண்டு. மத்ததெல்லாம் வெறும் போட்டோ."