முதலில் பழுப்பு, அப்புறம் பச்சை

1

ஒரு மனிதருக்கு உறைக்க வேண்டும் என்றுதான் இந்தக் கதையை ஆரம்பித்தேன். அந்த மனிதர் என் வீட்டுக்காரர். மகள் எங்களை மீறிக் கல்யாணம் செய்துகொண்டு போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து இவர் பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு முழ நீளம்கூட இல்லாத பொம்மைப் போர் விமானங்களுக்கு உருமறைப்பு வண்ணம் அடிக்கிறார். அவர் மனம் நோகக் கூடாதென்று நானும் மகளோடு பேசவில்லை.

முதல் வரி: "விமானத்துக்குப் பச்சை அடித்துவிட்டுப் பழுப்பை எடுத்தபோது அவன்..."

படித்து வெட்கப்படட்டும் என்று அவர் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சிவப்பு மையில் திரும்பி வந்தது: 'முதலில் பழுப்பு, அப்புறம் பச்சை. வெளிர் நிறத்தின்மேல்தான் அடர் நிறம் ஏறும்.'

2

"மகள் போன நாளிலிருந்து அவன் மனதையும் டேப் ஒட்டி மறைத்து..." (வேண்டாம். உருமறைப்பு என்றதும் உவமை தேடி ஓடுகிற புத்தி.)

மூன்றாம் தொடக்கத்தில் வேலையையே எழுதினேன். டேப்பைப் புறங்கையில் ஒட்டி எடுத்துப் பிசினைக் குறைப்பது, நிறம் படக் கூடாத இடத்தை மூட வளைவாக வெட்டி இறக்கையில் பதிப்பது, ஏர்பிரஷை நேராகப் பிடித்து வண்ணத்தை மெல்லிசாக ஊதுவது. [ஏர்பிரஷுக்குக் காற்று தருவது கம்ப்ரஸர். எங்கள் வீட்டில் நாள் முழுக்கக் கேட்கும் இரைச்சல் அதுதான்.] அநேகமாக எல்லாவற்றுக்கும் 'சரி' போட்டிருந்தார். 'பெற்ற பெண்ணைவிட இறக்கை பெரிதாகிவிட்டது அவனுக்கு' என்ற வரிக்கு மட்டும் ஒரு கீறல்கூட இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏங்க, இதைப் படிச்சீங்களா இல்லையா?"

"படிச்சேன். என்னைப் போய் 'அவன்'னு எழுதியிருக்கே."

"கதையில எல்லாரும் அவன்தான்."

"சரி. பெயிண்ட் நல்லா காஞ்சப்புறம் டேப்பை உரிச்சான்னு போட்டிருக்கே. ஓரம் பிஞ்சு வந்துடும். லேசா ஈரமா இருக்கும்போதே எடுக்கணும்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு நான் எங்கே போய் இலக்கியம் படைக்க?

3

முடிவுகள்:

(அ) அவன் விமானத்தோடு மகள் வீட்டு வாசலில் நிற்கிறான். [சினிமா.]

(ஆ) விமானம் கை நழுவி உடைகிறது. அவன் அழுகிறான். [மூன்று மாத உழைப்பு. எனக்கே மனசு வரவில்லை.]

(இ) மத்தியானம் மூன்று மணிக்கு அவன் மகளுக்குப் போன் செய்தான்.

முதல் இரண்டையும் குறுக்கே அடித்திருந்தார். மூன்றாவதில் 'மூன்று மணி'யை மட்டும் அடித்துவிட்டு எழுதியிருந்தார்: 'அப்போது டியூட்டியில் இருப்பாள். ஆறுக்கு மேல்தான் எடுப்பாள்.'

இரண்டு தடவை படித்தேன். பின்னறைக் கதவை நான் தட்டவில்லை, தள்ளினேன்.

"எத்தனை நாளா?"

முகக்கவசத்தைக் கழற்றினார். "அவ போன மறுவாரத்துலேருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"அவ பேரையே எடுக்கக் கூடாதுன்னு நீதானே கத்தினே? அதான், கம்ப்ரஸர் சத்தத்துல பேசிக்குவேன்."

கத்தினேன்தான். ஒரே ஒரு நாள், கோபத்தில்!

"என்னைப் பத்திக் கேப்பாளா?"

"தினமும். உனக்கு இன்னும் கோபம் தீரலைன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

4

ஆக, பதினோரு மாதமாக அந்தப் பெண்ணோடு பேசாத ஒரே ஆள் நான்தான். பாவி மனிதர், நாலு வரி குறுக்கே அடித்தவர் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மணி ஆறு பத்து. தன் போனில் எண்ணை அழுத்தி என் மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தப் பக்கம் மணி அடிக்கிறது. முதல் வார்த்தை எதுவும் சரிப்படவில்லை. "நல்லா இருக்கியா?" (யாரோ எவரோ கேட்பதுபோல.) "ஏண்டி..." (சண்டைக்கு இழுப்பதுபோல.) "அம்மா பே..."

"சொல்லுங்கப்பா," என்கிறாள்.

இத்தனை நேரம் படித்தீர்களே, நீங்களாவது சொல்லுங்கள். நான் என்ன சொல்லட்டும்?