வால்டர் என்றொரு பேரன்

என் மகனுக்கு என் மாமனார் பேரை வைத்தது என் கணவர் முகிலன். வைத்துவிட்டு அவர் ஹூஸ்டன் ஆபீசுக்குப் போய்விட்டார். நாளெல்லாம் கூப்பிட வேண்டியவள் நான். எங்கள் கோபிசெட்டிபாளையம் பக்கம் மருமகள் மாமனார் பேரை வாயால் சொல்ல மாட்டாள். சொல்லக் கூடாத பேரைச் சொல்லி ஒரு பிள்ளையை எப்படி அதட்டுவது? இதையெல்லாம் என்னிடம் யார் கேட்டார்கள்?

ஊரிலென்றால் ராசு, கண்ணு என்று ஓட்டிவிடலாம். டேகேரில் கூப்பிட ஒரு பேர் வேண்டும் என்றார்கள். குழந்தைப் பேர்ப் புத்தகம் ஒன்றைப் புரட்டினேன். மாமனார் பேருக்குப் படைத்தலைவன் என்று அர்த்தம். அதே அர்த்தத்தில் ஒரு பழைய ஜெர்மானியப் பேர் அகப்பட்டது: வால்டர், படையை ஆள்பவன். அது பிரான்சில் கோத்தியே ஆனதாம், இத்தாலியில் குவால்த்தியேரோ, ஹாலந்தில் வவுட்டர். எப்படி மாறினாலும் ஒரே பேர்தான் என்று போட்டிருந்தது. அப்படியானால் மாமனார் பேரும் டெக்சாஸில் வால்டர் ஆகிவிட்டுப் போகட்டும். மரியாதையும் கெடவில்லை, அர்த்தமும் கெடவில்லை.

தொண்ணூற்றெட்டில், பையனுக்கு நாலு வயது நெருங்கும்போது, மாமனார் சுகர் லேண்டில் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அமெரிக்காவுல எம்பேரச் சொல்லிக் கூப்படறாங்கன்னு ஊரெல்லாஞ் சொல்லி வெச்சிருக்கறேன் அம்மணி," என்றார்.

வீட்டில் அவர் காதில் விழுந்ததெல்லாம் வால்டர். அவர் பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார். முகிலன்தான் என்னை முறைத்தார். அவர் இத்தனை வருஷமாய் மகனை 'டேய்' என்றே கூப்பிட்டது கணக்கில் வரவில்லை.

பையன் பிறந்தநாளன்று பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். முகிலன் கார் பார்க் பண்ணப் போயிருந்தார். அர்ச்சகர் பேர் கேட்டதும் பையன் முந்திக்கொண்டான். "வால்டர்!"

"நம்ம பேர் ஏதாவது இருக்காம்மா?" என்றார் அர்ச்சகர்.

மாமனார் கைகூப்பியபடி என்னையே பார்த்தார். அவரே சொல்லியிருக்கலாம். என் வாயால் கேட்க வேண்டுமென்று நின்றார். எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"சேனாபதி," என்றேன். சன்னதி முழுக்கக் கேட்டிருக்கும்.

அவர் முகம் மலர்ந்தது. பையன் என் முந்தானையை இழுத்தான்.

"ஹூ இஸ் தட், அம்மா?"

அந்த அளவுக்கு இங்கிலீஷ் மாமனாருக்குத் தெரியும். அர்ச்சனை முடியும்வரை அவர் தலை நிமிரவில்லை.

காரில் ஏறியதும் பேரனுக்கு அவரே பெல்ட்டை மாட்டினார்.

"கைய எடு கண்ணு," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "வால்டரு," என்றார்.