தலை எண்ணிய நாள்

1.
ஒப்புக்கொள்கிறேன், இது களவெடுத்த கதை. மாநகர சபை அலுவலகத்தில் என் வீட்டுச் சோலைவரி (கட்டடங்களுக்குச் சபை அறவிடும் வரி) கட்ட வரிசையில் நின்றபோது, எனக்கு முன்னால் நின்ற பெண் கேட்ட ஒரு கேள்விதான் கையில் கிடைத்தது. மற்றதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2.
முதல் தொடக்கம்: 'கிராண்ட்பாஸ் பகுதியில் நூற்றைம்பது பேருக்கு வேலை கொடுக்கும் கம்பெனிக்கு ஐந்து வருடம் சோலைவரி இல்லை என்று சபை தீர்மானித்ததை அடுத்து…'

(விட்டுவிட்டேன். சுற்றறிக்கை வாசிக்கவா நீங்கள் வந்தீர்கள்? ஆனாலும் விஷயம் இதுதான்.)

இரண்டாவது: வரிப் பரிசோதகர் தில்லைநாதன், வெள்ளவத்தைக்காரர், அந்தக் கம்பெனிக்குப் போய்த் தலை எண்ணினார். நூற்றைம்பது சரியாக இருந்தது. அதில் நாற்பது பேர் முந்தின கிழமைதான் சேர்ந்தவர்கள். செய்ய வேலையில்லாமல் கொம்பியூட்டருக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார்கள். அவருக்கு உறுத்தியது. படிவத்தின் அடியில் 'மூன்று மாதத்தில் மீண்டும் பரிசோதிக்க' என்று ஒரு பெட்டி உண்டு. பேனாவை அங்கே கொண்டுபோனார்.

அந்த நாற்பது பேரில் ஒருத்தியாகக் கடைசி மேசையில் இருந்த ஜவாஹிறா அதைக் கண்டுவிட்டாள். புருஷன் மௌத்தாகி விதவையான பிறகு இரண்டு பிள்ளைகளுக்காக முதன்முதலாக மாதச் சம்பளத்துக்கு வந்தவள்.

"திரும்ப வருவீங்களா சேர்? வந்தா எங்களில ஏதோ பிழை ஈக்கிண்டு நினைப்பாங்க. புதுசா வந்தவங்களத்தான் முதல்ல நிப்பாட்டுவாங்க."

"பயப்பிடாதேங்கோ தங்கச்சி," என்றார் தில்லைநாதன். "இனி ஒருதரும் வரமாட்டினம்."

பெட்டியை வெறுமையாக விட்டுக் கையெழுத்து வைத்தார்.

3.
முதற்பிரதியில் அவருடைய சட்டைப்பையில் ஒரு லஞ்சக் கவரை வைத்திருந்தேன். எனக்கும் லேசு, நீங்களும் அவரைத் திட்டிவிட்டுப் போகலாம். பிறகு எடுத்துவிட்டேன். மனுஷன் அங்கே தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. இரக்கப்பட்டார், அவ்வளவுதான். அந்தப் பெட்டியில் ஒரு கோடு போட்டிருந்தால், அடுத்த பரிசோதனைக்குப் பயந்து மூன்று மாதமாவது கம்பெனி அந்த நாற்பது பேரையும் வைத்திருந்திருக்கும். அது அவருக்கு அந்த நேரம் உறைக்கவில்லை.

4.
வரிச் சலுகைக் கடிதம் கிடைத்த அடுத்த கிழமையே நாற்பது பேரையும் நிறுத்திவிட்டார்கள். ஜவாஹிறா சபைக் கவுன்டருக்கு வந்து சண்டை பிடித்…

(இல்லை. சண்டை பிடித்திருந்தால் தில்லைநாதனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.)

அவள் மெதுவாகத்தான் கேட்டாள்; வரிசையில் என் கையில் கிடைத்த கேள்வி இதுதான். "சேர், திரும்ப எண்ண வாறீங்கண்டு அவங்களுக்கு ஒரு போன் கோல் எடுத்துச் சொல்லுங்களே. அந்த ஒரு நாளைக்காவது எங்கள எடுப்பாங்க தானே."

5.
முடித்த கோப்பைத் திறக்கத் தனக்கு அதிகாரமில்லை என்று அவர் உண்மையைச் சொல்லலாம். பார்க்கிறேன் என்று பொய் சொல்லி அனுப்பலாம். கோல் எடுக்கவும் செய்யலாம், அப்படிச் செய்தால் அவருடைய வேலை போகும். மூன்றையும் எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார். அவள் நிற்கிறாள். ஏதாவது ஒன்றை நீங்களே சொல்லி அவளை வீட்டுக்கு அனுப்புங்கள்.