இராஜமாணிக்கம் வீட்டு எலி

ஆரணியில் எந்தக் கூட்டமானாலும் இராஜமாணிக்கத்துக்கு மேடையில் ஒரு நாற்காலி உண்டு. போடாவிட்டால் அவரே எடுத்து வருவார். வீட்டில் மூன்று தறி, தோளில் பட்டு அங்கவஸ்திரம், பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் பதவி. 1978-இல் குழந்தை வளர்ப்பு பற்றி அவர் பேசாத மாதம் ஒன்றுகூட இல்லை.

அந்த வருஷம்தான் அவர் வீட்டில் எலி புகுந்தது. தறியிலிருந்து அறுத்து வைத்த சேலைகளின் முந்தானைக் குஞ்சம் ஈரமாகவும் நைந்தும் கிடந்தது. பொறி வைத்தார், மசால் வடையை எறும்பு தின்றது. கண்ணமங்கலத்திலிருந்து ஒரு பூனையைக் கொண்டுவந்தார். அது பாலைக் குடித்துவிட்டுத் தறிமேல் படுத்துத் தூங்கியது.

அதே நாட்களில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் குணசுந்தரிக்குத் தினமும் வயிற்றுவலி. பூச்சி என்று மருந்து கொடுத்தார். திருஷ்டி என்று யாரோ சொல்ல, படவேட்டு அம்மன் கோயில் விபூதியும் பூசியாயிற்று. சாயங்காலம் வருகிறவர்கள் முன்னால் அவளை நிறுத்திப் பதினாறாம் வாய்ப்பாடு சொல்ல வைப்பதை மட்டும் அவர் விடவில்லை. திக்கினால் மறுபடி முதலிலிருந்து.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, எலி மருந்தைக் கஞ்சியில் குழைத்துக் குஞ்சங்களில் தடவ உட்கார்ந்தார். மனைவி செல்லியம்மாள் கிண்ணத்தைப் பிடுங்கினாள். காலையில்தான் மகளின் பல்லிடுக்கிலிருந்து அரக்குப் பட்டிழை ஒன்றை அவள் உருவியிருந்தாள். சொல்ல வந்தவளை, பேச்சு தயாரித்துக்கொண்டிருந்தவர் கையமர்த்திவிட்டார்.

"ஒங்க எலி மூணாங்கிளாஸ் படிச்சிகினு இருக்குதுங்க. வாய்ப்பாடு சொல்ற பயத்துல குஞ்சத்த மென்னுகினு கெடக்குது. அதுக்கா மருந்து வைக்கறீங்க?"

இராஜமாணிக்கம் மருந்தைக் கொல்லையில் குழி தோண்டிப் புதைத்தார். வாய்ப்பாடும் நின்றது. நான்கு நாள் வயிற்றுவலி இல்லை.

ஐந்தாம் நாள் கழகக் கூட்டம். 'குழந்தைகளின் பயத்தைக் கண்டறிவது எப்படி' என்று முக்கால் மணி நேரம் முழங்கினார். எலிக் கதையை மட்டும் விட்டுவிட்டார், மற்றதையெல்லாம் தாமே கண்டுபிடித்ததாகச் சொன்னார். பிறகு, உதாரணத்துக்கு என்று மகளை மேடைக்குக் கூப்பிட்டு, மைக்கை அவள் உயரத்துக்கு இறக்கினார்.

"பயம் வந்தா ஒனக்கு என்னென்ன பண்ணுது? பயப்படாம சொல்லும்மா."

முந்நூறு பேர் காத்திருந்தார்கள். குணசுந்தரி வாயைத் திறந்தாள். அப்பாவின் அங்கவஸ்திர நுனி உள்ளே போயிற்று.

செல்லியம்மாள் எழுந்து மேடையேறினாள். மகளின் வாயிலிருந்து நுனியை எடுக்கவில்லை. மிச்சத்தை அவர் தோளிலிருந்து உருவி, பெண்ணைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கினாள்.

"நல்லா கடி கண்ணு," என்றாள். "இது விக்கிற சரக்கு இல்ல."