கரடி குனிந்த இடங்கள்

"பெரியம்மா, அந்த அக்கா சிங்கமா மாறும்போது மூக்குக்கண்ணாடி எங்க போகும்?"

வில்மா ஜீனின் தங்கை மகள் ஒருமுறை டயாலிசிஸ் கூடத்துக்கு வந்தபோது, பெரியம்மா மடியில் கிடந்த புத்தகத்தின் அட்டையைப் பார்த்து இப்படிக் கேட்டாள். கண்ணாடி போட்ட ஒரு பெண், சிங்க வாலோடு லாரி மேல் நிற்கும் படம். அடுத்த நாற்காலியில் இருந்த எல்வுட் கோம்ப்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தேவாலய சபையில் டீக்கனாக, வேதம் வாசிக்கும் ஊழியராக இருந்தவர் அவர். அந்த வாலைப் பார்ப்பதே பாவம் என்று அவருக்குப் பட்டது.

கென்டக்கியின் அந்த மலையூரில் சிறுநீரகம் கெட்டவர்கள் எல்லோரும் திங்கள், புதன், வெள்ளி அங்கே வந்தாக வேண்டும். ஒரு கையில் குழாய். இன்னொரு கையில், தண்ணீருக்குப் பதில் சப்ப ஐஸ் துண்டுகள் போட்ட கோப்பை. எல்வுட் நர்ஸ் டெனிஸிடம் ஏற்கெனவே சொல்லிவிட்டார், ஈஸ்டரோடு டயாலிசிஸை நிறுத்திக்கொள்வதாக. நிறுத்தினால் ஓரிரு வாரம்தான் உயிர் என்பது அந்தக் கூடத்தில் எல்லோருக்கும் தெரியும். மனைவி ரூபி போனபின் வீட்டில் அவரை இருக்கச் சொல்ல ஆளில்லை.

ஒருநாள் வில்மா ஜீன் படித்துக்கொண்டே குலுங்கிச் சிரித்தாள். குழாய் அசைந்து மிஷின் அலறியது. டெனிஸ் ஓடி வந்தாள்.

"கைய ஆட்டாம சிரிக்கத் தெரியாதா உங்களுக்கு? எத்தன தடவதான் இதையே படிப்பீங்க?"

"எண்ணுறத விட்டுட்டேன் கண்ணு."

எல்வுட்டுக்குப் பொறுக்கவில்லை. "அப்படிச் சிரிக்க அதுல என்னதான் இருக்கு சிஸ்டர்?"

"டல்சின்னு ஒருத்தி, பிரதர். கண்ட எடத்துல நிறுத்துன கார லாரியில கட்டி இழுத்துட்டுப் போறவ. அப்படி ஒரு கார இழுத்துட்டு வந்து கதவத் தொறந்தா, பின்சீட்டுல கரடி தூங்குது."

"கரடியா?"

"ஹோரஸ். மனுசனா மாறுனா ரொட்டிக் கடைக்காரன். சரியான கூச்சக்காரன்."

"கூச்சப்படுற கரடி! கர்த்தாவே." பிறகு ஓரக்கண்ணால் புத்தகத்தைப் பார்த்து, "சரி, அவ என்ன செஞ்சா?"

"சிங்கமா மாறி கர்ஜிச்சா. அவன் மன்னிப்புக் கேட்டுட்டு, சாப்பிடுங்கன்னு ஒரு இனிப்பு ரொட்டிய நீட்டினான்."

இந்தத் தடவை அலறியது எல்வுட்டின் மிஷின்.

அன்றிலிருந்து வில்மா ஜீன் வாய்விட்டுப் படித்தாள். டல்சி ஓநாயாக மாறும் ரவுடிக் கூட்டத்தை நடுத்தெருவில் புரட்டி எடுத்தாள், அடித்து முடித்ததும், "ஏதாவது சாப்டீங்களாடா?" என்று அவர்களையே கேட்டாள். அந்த வரிசையே கேட்டுச் சிரித்தது. ஈஸ்டருக்கு முந்தின வெள்ளியன்று கல்யாணத்தோடு கதை முடிந்தது.

"திங்கக்கிழம மொதல்லேர்ந்து படிக்கலாம்" என்றாள் வில்மா ஜீன்.

"முடிவு தெரிஞ்சுபோன கதைக்கு நான் எதுக்கு வரணும் சிஸ்டர்?"

அவர் புத்தகத்தைப் பற்றிப் பேசவில்லை என்பது எல்லோருக்கும் புரிந்தது. டெனிஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வில்மா ஜீன் அட்டைப் படத்தை விரலால் தட்டினாள். "அப்போ அந்தக் கண்ணாடி எங்க போச்சுன்னு சொல்லிட்டுப் போங்க."

"கண்ணாடியா? கதையில அப்படி எதுவும் வரலையே."

"வருது. சண்டைக்குச் சண்ட வருது. நீங்க அடிதடிய மட்டும் கேட்டுட்டிருந்தீங்க."

ஈஸ்டர் ஆராதனையில் எல்வுட்டின் மனம் உயிர்த்தெழுதலில் நிற்காமல் கண்ணாடியைத் தேடி ஓடியது. வெட்கப்பட்டார், வெட்கத்தின் நடுவிலேயே சிரிப்பும் வந்தது. திங்கட்கிழமை வந்துவிட்டார்.

இந்த முறை காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். டல்சி பாய்கிறாள். அவளுக்குப் பின்னால் ஹோரஸ் குனிந்து எதையோ எடுத்துச் சட்டையில் துடைத்துப் பைக்குள் வைக்கிறான். கண்ணாடிதான் அது. அரை வரியில் வந்து போகிறது. அடுத்த சண்டையில் அதே அரை வரி. அதற்கடுத்ததிலும். ஊரே நடுங்கும் பெண் ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு பாயலாம், பின்னால் ஒருவன் குனிகிறான் என்பதால்.

எல்வுட்டுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தேவாலயத்தில்கூட இப்படி எப்போதாவதுதான் ஆகும். முழங்காலைப் பார்த்தார். போர்வை இளஞ்சூடாக இருந்தது. அதை யாரோ சூடாக்கித்தான் போர்த்தியிருக்க வேண்டும். ஐஸ் கோப்பை அவருடைய குழாய் செருகாத நல்ல கைக்கு எட்டும் பக்கமே இருந்தது. ரூபியின் காலத்தில் ஒவ்வொரு ஞாயிறும் நாற்காலி முதுகில் தேய்த்த சட்டை தொங்கும். அது அங்கேயே முளைத்தது என்பதுபோல எடுத்து மாட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஆண்டவர் இத்தனை பேரை இத்தனை காலம் அவருக்குப் பின்னால் குனிய வைத்திருக்கிறார்.

"இதெல்லாம் மொதல் தடவையே இருந்திருக்கே" என்றார் மெல்ல.

"இருந்துச்சு பிரதர்."

"டெனிஸ், புதன்கிழமையும் எனக்கு இந்த நாற்காலியே போடும்மா."

மே மாதத்தில் ஒருநாள் வில்மா ஜீனுக்கு ரத்த அழுத்தம் சரிந்தது. டெனிஸ் நாற்காலியைச் சாய்த்து, கால்களை உயர்த்தி, முகத்தில் நிறம் திரும்பும்வரை பக்கத்திலேயே நின்றாள். பிறகு வில்மா ஜீன் அசந்து தூங்கிப்போனாள். அன்றைய பக்கம் படிக்கப்படவே இல்லை. மதியப் புழுக்கத்தில் வரிசை முழுவதும் கண்ணயர்ந்தது. டெனிஸ் மருந்து எடுக்க உள்ளே போனாள்.

இரண்டு நாற்காலிகளுக்கும் நடுவில் சிறு மேசைமேல் புத்தகம் இருந்தது. எல்வுட் நல்ல கையை நீட்டி எடுத்தார். நெஞ்சில் சாய்த்து வைத்து, கட்டைவிரலால் பக்கத்தைத் தள்ளி, அவள் நிறுத்தியிருந்த இடத்திலிருந்து தூங்கும் அவள் முகத்தைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் படிக்கத் தொடங்கினார். சபை நடுங்க வேதம் வாசித்த குரல் அது. டல்சியின் கர்ஜனை வந்த இடத்தில் ஒரு நொடி தயங்கினார். பிறகு அதையும் விடாமல், கெட்டிலில் ஆவி கிளம்புவது போல, மெல்லக் கர்ஜித்தார்.

அவள் மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. அத்தியாயம் முடியும்வரை படித்தார். பிறகு அடையாளக் காகிதத்தை அவள் வைத்திருந்த பழைய பக்கத்திலேயே செருகி, புத்தகத்தை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்தார்.