ஆஸ்தாவின் மூன்றாவது வாய்மொழித் தேர்வு

1

ஒவ்வொரு மொழியும் ஒரு பிரபஞ்சம். இன்னொரு மொழியைக் கற்கிறவர் இரண்டாம் முறை பிறக்கிறார். அவர் வழியாக மனிதகுலம் தன்னைத்தானே இன்னும் கொஞ்சம் அறிந்துகொள்கிறது.

இந்த வாக்கியங்கள் என்னுடையவை அல்ல. உலக மொழிகள், பண்பாடுகள் துறை புதிய மாணவர்களுக்கு இலவசமாகத் தரும் துணிப்பையில் அச்சிட்டிருப்பவை. என் பக்கத்து வீட்டு விக்கோ, மகளுக்குக் கிடைத்த அந்தப் பையில் உருளைக்கிழங்கு வாங்கி வந்தார். ரயில் நிலையத்துக்கு எதிரில் பிரபஞ்சத்தின் அடி கிழிந்தது.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் அதே விக்கோ, மிச்சமிருந்த ஸ்ட்ராபெர்ரி கேக்கோடு வந்து இந்தக் கதையைச் சொன்னார். பாதி தப்பாகச் சொன்னார். அவர் மகள் ஆஸ்தா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து திருத்தினாள். இரண்டு பேரும் சொல்லாமல் விட்டதை நான் இட்டு நிரப்பியிருக்கிறேன். எது யாருடையது என்று இப்போது எனக்கே தெரியாது.

2

முதல் தொடக்கம்: "டென்மார்க்கின் கோடைக் காலையொன்றில், பல்கலைக்கழகத்தின் செங்கல் கட்டடத்துக்கு மேலே கருமேகங்கள் திரண்டு—"

[வேண்டாம். இந்த ஊரில் மேகம் ஒரு செய்தியே அல்ல.]

இரண்டாவது தொடக்கம்: "மொழி என்பது என்ன என்ற கேள்வி ஆஸ்தாவைச் சிறு வயதிலிருந்தே—"

[பொய். சிறு வயதில் அவளுக்கிருந்த கேள்வியெல்லாம் முயல் வாங்கித் தருவார்களா என்பதுதான்.]

மூன்றாவது: ஆஸ்தாவுக்கு மங்கோலியம் பேச வரவில்லை.

இது நிற்கும். படிக்க வரும், எழுத வரும்; அகராதியைக் கொடுத்தால் எழுநூறு வருடப் பழைய கல்வெட்டைக்கூடப் பிரித்து மேய்ந்துவிடுவாள். ஆனால் காதில் விழும் ஒவ்வொரு வாக்கியமும் அவள் தலைக்குள் சுங்கச் சாவடியில் நின்றது. மூட்டை இறக்கப்பட்டது, டேனிஷாக மாற்றப்பட்டது, முத்திரை குத்தப்பட்டது. பதிலும் அதே வழியில் திரும்ப வேண்டும். அது வந்து சேர்வதற்குள் எதிரில் இருப்பவர் அடுத்த கேள்விக்குப் போயிருப்பார்.

இப்படியே வாய்மொழித் தேர்வில் இரண்டு முறை தோற்றாள். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தோற்றால் பட்டம் இல்லை, மூன்று வருடப் படிப்பும் போச்சு. சேர்ந்தபோது வகுப்பில் ஒன்பது பேர்; ஒருவர் ஜப்பானியத்துக்கு மாறினார், மற்றவர்கள் சட்டம், மருத்துவம், காதல் என்று கலைந்தார்கள். மிஞ்சியவள் அவள் ஒருத்திதான்.

"மங்கோலியாவுல மொத்தம் எத்தன பேருடி?" என்று விக்கோ வருடத்துக்கு ஒரு முறையாவது கேட்பார்.

"முப்பது லட்சத்துக்கு மேல."

"நம்ம நாட்டுல பன்னியே அதவிட அதிகம். அதுங்க பாஷயப் படிச்சிருந்தா வேலையாச்சும் கெடச்சிருக்கும்."

"உனக்கு டேனிஷே பாதிதான்ப்பா புரியும்."

"பன்னிக்கு நான் பேசுறது முழுசாப் புரியுது."

அவர் சும்மா சொல்லவில்லை. தீவன ஆலையின் அலுவலகத்தில் அவளுக்காக ஒரு மேசையைப் பேசி வைத்திருந்தார். தோற்றால் ஆகஸ்டில் சேர வேண்டும். ஆஸ்தா சரி என்று சொல்லியிருந்தாள்.

3

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கிண்டல் செய்வதற்கென்றே இந்தப் பல்கலைக்கழகக் கட்டடத்தைக் கதைக்குள் இழுத்து வந்தேன். அது முழுதாக ஒத்துழைக்க மறுக்கிறது.

மூன்றாம் மாடியில் கழிப்பறை தாழ்வாரத்தின் கடைசியில் இருக்கிறது. முதல் வாரம் அங்கே போகும் வழியில் ஆஸ்தா ஒரு கதவைத் தாண்டினாள். உள்ளே பதினைந்து டேனிஷ்காரர்கள் ஒரே அசையைச் சீனத்தின் நான்கு தொனிகளில் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த கதவில் அரபு, தொண்டையின் அடியிலிருந்து வந்தது. அதற்கடுத்ததில் யாரோ ஒருவன் துருக்கியில் மன்னிப்புக் கேட்டான். திரும்பத் திரும்பக் கேட்டான், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதல் வருத்தத்தோடு. கடைசிக் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நரைத்த பின்னலும் மழைக்கோட்டுமாக ஒரு பெண்மணி காலி நாற்காலிகளைப் பார்த்து, "உங்க மந்தை கொழுத்து வளருதா? குளிர்காலத்த நல்லபடியாக் கழிச்சீங்களா?" என்று மங்கோலியத்தில் விசாரித்துக்கொண்டிருந்தார். பாடத்துக்கு ஒத்திகை.

கால் மைல் நீளத் தாழ்வாரத்தில் பாதி ஆசியா. [கால் மைல் இல்லை. மிகைப்படுத்துகிறேன். ஆனால் அவளுக்கு அப்படித்தான் இருந்தது.] ஆஸ்தா கழிப்பறையை மறந்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்மணிதான் குத்ரூன். மூன்று வருடமாக ஆஸ்தாவின் ஒரே ஆசிரியை.

(மாணவி ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் 'நீ' என்பதும் இங்கே வழக்கம். தமிழில் எழுதும்போது கை கூசுகிறது. கூசட்டும்.)

4

குத்ரூனை முதல் பிரதியில் வில்லியாக எழுதினேன்: கண்டிப்பு, மெல்லிய உதடு, இரண்டு முறை ஆஸ்தாவைத் தோற்கடித்த கை. அது சரிப்படவில்லை, ஏனென்றால் இரண்டு முறையும் தேர்வு முடிந்தபின் குத்ரூன் கழிப்பறையில் போய் அழுதிருக்கிறார். அப்படியானால் எப்பே என்ற வெளித் தேர்வாளர்தான் வில்லன் என்று இரண்டாம் பிரதி எழுதினேன். அவர் சாக்ஸ் போட்டு அதன்மேல் செருப்புப் போடுகிறவர். அப்படிப்பட்டவரை வில்லனாக்குவது என்னால் முடியவில்லை.

இந்த நாட்டில் தேர்வு வைக்க ஆசிரியர் மட்டும் போதாது. வெளியிலிருந்து ஒருவர் வந்து உட்கார வேண்டும். மங்கோலியத்துக்கு அப்படிக் கிடைத்தவர் நாட்டின் மறுகோடியில் வசித்த எப்பே ஒருவர்தான். அவரும் குத்ரூனும் இளமையில் சேர்ந்து மங்கோலியா போனவர்கள். இருபது வருடத்துக்கு மேலாக அவர்களுக்குள் பேச்சில்லை, மின்னஞ்சல் மட்டும். முந்தைய இரண்டு தேர்வுகளுக்கும் அவர் கணினித் திரையில் வந்து தலையாட்டிவிட்டுப் போனார். இந்த முறை, நேரில்தான் வர வேண்டும் என்று யாரோ விதியை மாற்றிவிட்டார்கள்.

பகைக்குக் காரணம்? அதை அவர்களே சொல்லட்டும்.

5

பச்சைத் துணி விரித்த மேசை. காபி பிளாஸ்க். கவிழ்த்து வைத்த கேள்விச் சீட்டுகள். வெளியே தாழ்வாரத்தில் விக்கோ, கேக்கோடும் ஒரு கொத்துக் காகிதக் கொடிகளோடும் உட்கார்ந்திருந்தார். வென்று வருகிற பிள்ளைக்கு எல்லாரும் செய்வதுதான். மூன்றாவது முறையாக அதே கொடிகள்.

ஆஸ்தா சீட்டை எடுத்தாள்: கூடாரத்தில் விருந்தினர் நடந்துகொள்ளும் முறை. முதல் வருடப் பாடம். தெரியும். அதனாலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது.

குத்ரூன் உதவி செய்ய நினைத்து, மங்கோலியத்தில் மெதுவாகக் கேட்டார்: "கூடாரத்துக்குள்ள ஒருத்தர் காலை இன்னொருத்தர் தெரியாம மிதிச்சிட்டா, அடுத்து என்ன செய்யணும்?"

வாக்கியம் சுங்கச் சாவடிக்குப் போனது. காலை மிதித்தால் உடனே கை கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பகை வளரும். டேனிஷில் பதில் தயார். அதைத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது எப்பே முந்திக்கொண்டார்.

"கை கொடுக்கணும். இது எல்லாருக்கும் தெரியும்."

"தெரிஞ்சவங்க செஞ்சிருப்பாங்க" என்றார் குத்ரூன்.

"கேள்வி மாணவிக்கு."

"பதில் உங்களுக்கு."

தேர்வில் இதுவும் ஒரு பகுதி என்று ஆஸ்தா முதலில் நினைத்தாள்.

"அன்னைக்கு என் ரெண்டு கையிலயும் கிண்ணம் இருந்துச்சு" என்றார் எப்பே. "கொதிக்கிற பால் தேநீர். ஒத்தக் கையில புடிச்சா மரியாதை இல்லைன்னு சொல்லிக்குடுத்ததே நீங்கதான். நீங்க கைய நீட்டினதை நான் பாக்கல."

"கிண்ணத்தக் கீழ வெச்சதுக்கு அப்புறம்?"

"வெச்சுட்டு வெளிய வந்து பாத்தா நீங்க இல்ல. குதிரை ஏறிப் போயிட்டீங்க."

"ஜீப்."

"என்ன?"

"குதிரை இல்ல, ஜீப். பின்சீட்டுல என்கூட ரெண்டு ஆடு. ஒண்ணு என் தொப்பியத் தின்னுருச்சு."

ஆஸ்தா சிரித்துவிட்டாள். சிரித்த பிறகுதான் அது மங்கோலியம் என்பது அவளுக்கு உறைத்தது.

6

இந்த இடத்தில் கிண்டலை வெளியே நிறுத்திவிட்டு வருகிறேன்.

சாவடியில் யாரும் இல்லை. வாக்கியங்கள் நிற்காமல் வந்துகொண்டிருந்தன. சொல் தெரியவில்லை, விகுதி தெரியவில்லை. தொப்பி தெரிந்தது, ஆடு தெரிந்தது, ஜீப்பின் பின்கண்ணாடி வழியே சுருங்கிக்கொண்டே போன வெள்ளைக் கூடாரம் தெரிந்தது. அப்படி ஒரு கூடாரத்தை யாருமே இன்னும் சொல்லவில்லை. மூன்று வருடமாகத் தட்டிய சுவர் ஒன்று, அங்கே சுவரே இருந்ததில்லை என்பதுபோல மறைந்துபோயிருந்தது. மூச்சை விட்டால் கலைந்துவிடும் என்று பயந்து அசையாமல் இருந்தாள்.

இன்னொன்றும் புரிந்தது. எதிரில் இருந்தவர்கள் கிறிஸ்துமஸுக்குக்கூடத் தேவாலயம் போகாதவர்கள். ஏணிக்கு அடியில் போனால் ஆகாது என்று ஊரே சொன்னாலும் கவலையில்லாமல் நடப்பவர்கள். ஆனால் வேறொரு ஜனத்தின் நம்பிக்கையைப் படித்தார்கள், அதன்மேல் கட்டுரை எழுதினார்கள், கடைசியில் அதையே வாழ்ந்துவிட்டார்கள். கை கொடுக்கவில்லை, ஆகவே பகை. உண்மையான மங்கோலியர் யாராவது இருந்திருந்தால் ஒரு வாரத்தில் சமாதானம் செய்திருப்பார். இவர்கள் பாடத்தில் படித்தபடியே நடந்தார்கள்.

"அதுக்கப்புறம் நீங்க எழுதினது ஒவ்வொண்ணும் ஆபீஸ் கடுதாசி மாதிரி 'அன்பு வணக்கங்களுடன்'னு முடிஞ்சுது" என்றார் குத்ரூன். "டேனிஷ்ல."

"டேனிஷ்ல எனக்கு அவ்வளவுதான் வந்துச்சு."

அது பொய்யில்லை என்று ஆஸ்தாவுக்குத் தெரிந்தது. அவளுடைய ஊர்க்காரர் ஒருவர் வருத்தத்தை இவ்வளவு நேராகச் சொல்லி அவள் கேட்டதே இல்லை. சொந்த மொழியில் வாய் திறக்காத மனிதர், புல்வெளிக்காரர்களின் மொழியில், 'நீங்க' என்ற மரியாதையோடு, உள்ளே இருந்ததை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார். துணிப்பையில் போட்டிருந்தது உண்மைதானோ என்று அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. [எனக்கும்.]

எப்பே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு, சாக்ஸும் செருப்புமாகக் காலை மேசைக்கு வெளியே நீட்டினார்.

"மிதிங்க."

"தேர்வு நடக்குது."

"தெரியாம மிதிக்கிற மாதிரி மிதிங்க."

இங்கே நான் முதலில் கண்ணீர் வைத்திருந்தேன். பின்னணியில் ஒரு பிடி சூரிய ஒளியும்— [எடுத்துவிட்டேன்.] நடந்தது இதுதான்: குத்ரூன் காபி ஊற்றப் போவதுபோல எழுந்தார். போகிற வழியில் மிதித்தார். மெதுவாக மிதிக்கவில்லை. எப்பே பல்லைக் கடித்துக்கொண்டார். குத்ரூன் உடனே கையை நீட்டினார். இந்த முறை எப்பேயின் கையில் கிண்ணம் இல்லை.

எப்பேயின் கைபேசி மணியடித்தது. தேர்வுக்கான அரை மணி நேரம் முடிந்திருந்தது.

7

மதிப்பெண் முடிவாகும்வரை மாணவர் வெளியே நிற்க வேண்டும். ஆஸ்தா வெளியே வந்தாள்.

"எப்படிப் போச்சு?" என்றார் விக்கோ.

"எல்லாம் புரிஞ்சுதுப்பா."

"அது சரி. எப்படிப் போச்சு?"

"எல்லாமே புரிஞ்சுது."

"கேக்க வெட்டலாமா, வேணாமா? அத மட்டும் சொல்லு. க்ரீம் உருகுது."

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். முகம் காய்ச்சல்காரியின் முகம்போலப் பளபளத்தது. விக்கோ ஒரு கொடியை எடுத்தார், யோசித்தார், திரும்ப வைத்தார்.

மூடிய கதவுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது தெரியாது. முடிவுகள் மூன்று எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவளுக்குப் பன்னிரண்டு, அதுதான் உச்சம். கேக் வெட்டப்படுகிறது, குத்ரூனும் எப்பேயும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். இதை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். "பல்லு கூசுது" என்றாள்.

இரண்டாவதில் மைனஸ் மூன்று. ஆம், இந்த நாட்டில் பூச்சியத்துக்குக் கீழும் மதிப்பெண் உண்டு. ஆகஸ்டில் தீவன ஆலை. மதிய இடைவேளையில் அவள் மூட்டைகளைப் பார்த்து மந்தை கொழுத்து வளர்கிறதா என்று—

[இது வன்மம்.]

மூன்றாவதில், மாணவியின் நேரத்தை நாமே தின்றுவிட்டோம், தேர்வைத் திரும்ப வைக்க வேண்டும் என்று எப்பே சொல்கிறார். நியாயம்தான். ஆனால் அப்படிச் செய்தால், தேர்வு நேரத்தில் என்ன நடந்தது என்று நிர்வாகத்துக்கு எழுத வேண்டும். காலை மிதித்ததையும் எழுத வேண்டும்.

கதவு திறந்தது. குத்ரூன் தலையை நீட்டி, "ஆஸ்தா, உள்ள வா" என்றார். ஆஸ்தா போனாள். நான் இங்கேயே நின்றுகொள்கிறேன்; மூன்றாவது தேர்வாளரின் நாற்காலி உங்களுக்கு. பன்னிரண்டு, பத்து, ஏழு, நான்கு, இரண்டு, பூச்சியம், மைனஸ் மூன்று. இரண்டிலிருந்து தேர்ச்சி. அவளுக்கு எல்லாம் புரிந்தது என்பதற்கு அவள் சிரிப்பைத் தவிர வேறு சாட்சி இல்லை. அது சரியான இடத்தில் வந்த சிரிப்பு. அந்த அறையில் இருந்த இருவரும் அதைக் கேட்டார்கள். விக்கோ வீட்டில் கேக் மிஞ்சியதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். அவர் எப்போதும் பெரிதாகத்தான் வாங்குவார்.

மதிப்பெண் எழுதுவதற்கு முன் ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அரை மணி நேரத்தில் ஆஸ்தா மங்கோலியத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. வெளியே வரும்போது நன்றி என்றாள். அதை டேனிஷில் சொன்னாள்.